பிறப்பா? படிப்பா?

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ஒரே கடற்கரையில் அமைந்த ஊர்கள் இரண்டு. ஒன்று இராயபுரம், மற்றொன்று திருவொற்றியூர். இடையே சில கல் தொலைவுதான். ஒன்றிலே புனித இராயப்பர் ஆலயம். மற்றொன்றிலே தேவார மூவரும் பாடிய சிவன் கோயில். இரண்டு ஊர்களிலும் உழைத்து வாழ்வோர் ஒரே வகையினர்: கட்டுமரம் தள்ளுவோர், மூட்டை சுமப்போர், ஆலை இயந்திரத்தோடு மல்லாடுவோர். அந்த உழைப்பாளியின் மகன் ஒருவன், "பூசை நடக்கும் இடத்திலே நானும் நிற்க வேண்டும்" என்று கேட்பானாயின், இந்த இரு இடங்களும் அவனுக்கு என்ன விடை தரும்? அந்த விடைகளின் வரலாற்றையே இங்கு நாம் காண விழைகிறோம்.

கடவுளை ஏற்காத உங்களுக்குக் கடவுளுக்குப் பூசை செய்பவன் யாரென்ற கவலை ஏன் என்று கேட்போர் உண்டு. நம் கவலை பூசையைப் பற்றியதன்று, மனிதனைப் பற்றியது. "பிறப்பால் நீ தாழ்ந்தவன், உள்ளே வராதே" என்று கருவறை வாயிலில் எழும் சொல் கருவறையோடு நின்றுவிடுவதில்லை. அது தெருவுக்கு வருகிறது, கிணற்றடிக்கு வருகிறது, பள்ளிக்கு வருகிறது, மணப்பந்தலுக்கும் சுடுகாட்டுக்கும் வருகிறது. ஊற்றை அடைக்காமல் ஆற்றை இறைப்பவன் அறிவாளியாவானா?

குருப்பட்டம் பிறப்பால் வருவதா, படிப்பால் வருவதா? கிறித்தவ மதம் ஏட்டிலே எழுதி வைத்த விடை, படிப்பால் என்பது. இறையியல் கல்லூரியில் சேர்ந்து, பல்லாண்டு பயின்று, தேர்வு எழுதி, பட்டம் பெற்று, அதன்பின் சபையாரால் அமர்த்தப்படுபவரே போதகர். தந்தை குருவாக இருந்தார் என்பதால் மகன் குருவாகிவிட முடியாது. ஏட்டுவிடை இது. தமிழ் மண்ணில் இது பட்ட பாடு என்ன?

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. டென்மார்க்கு அரசன் அனுப்பிய சீகன்பால்கு என்னும் செருமானியர் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்கு வந்து இறங்கினார். தமிழ் கற்றார், அச்சுக்கூடம் கண்டார், 1716ஆம் ஆண்டு, தமிழரையே சமயப் பணிக்குப் பயிற்றும் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். 1733ஆம் ஆண்டின் இறுதியில் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. சீர்திருத்தக் கிறித்தவத்தில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவரே. கடலூரில் வேளாளர் குடியில் ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்தவர்.

அக்காலத்திலே இராசநாயக்கன் என்று மற்றொருவர் இருந்தார். பறையர் குலத்தவர்; தஞ்சை மன்னர் படையில் வீரர். தமிழில் அச்சான விவிலியப் பகுதிகளைத் தாமே படித்துத் தரங்கம்பாடிச் சபையைத் தேடி வந்தவர். தஞ்சை நாட்டிலே ஊர் ஊராகச் சென்று உபதேசியாராக உழைத்தவர். எதிர்ப்பு வந்தது; இன்னல் வந்தது; அவர் ஓயவில்லை. இரண்டாம் தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளை வந்தபோது அவர் பெயரும் பேசப்பட்டது. ஆனால் 1741ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர் தியோகு என்பவர்! இராசநாயக்கனிடம் குறை கண்டார்களா? இல்லை. அறிவிலே தாழ்ந்தவரா? இல்லை. உழைப்பிலே இளைத்தவரா? அதுவும் இல்லை. பறையர் ஒருவர் கையால் திருவிருந்தின் அப்பத்தையும் இரசத்தையும் வேளாளக் கிறித்தவர் வாங்க மாட்டார்களே என்று பாதிரிமார் அஞ்சினர். 1771ஆம் ஆண்டு சாகும் வரையில் இராசநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார்.

மனுநீதி எழுதப்பட்ட ஏடு சபையாரிடம் இல்லை. ஆகமம் இல்லை. பிறப்பைக் காட்டித் தடுக்கும் விதி எதுவும் அவர்கள் மறைநூலில் எழுதப்படவில்லை. ஆயினும் கதவு அடைக்கப்பட்டது. அடைத்தது நூல் அன்று. நூலைக் கேட்க வந்து பாயில் அமர்ந்திருந்த கூட்டம்! சாதி, விதியின்றியும் வாழும். ஒப்புக்கொள்ள ஆள் இருந்தால் போதும்.

நூறாண்டு கழிகிறது. காட்சி சென்னைக்கு மாறுகிறது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் எல்லோரும் ஒன்றாக அமர வேண்டும், ஒரே கிண்ணத்தில் அருந்த வேண்டும் என்று இளைய பாதிரிமார் சிலர் வற்புறுத்தத் தொடங்கினர். எதிர்த்து நின்றவர் யார்? தஞ்சைக் கிறித்தவப் புலவர் வேதநாயக சாத்திரியார்! சரபோசி மன்னரின் அவையிலே மதிப்புப் பெற்றவர். இனிய தமிழில் எண்ணற்ற பாடல்கள் யாத்தவர். தமிழுக்கு அவர் செய்த தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சாதி ஆசாரத்தைக் காக்கவும் அதே எழுத்தாணி எழுதிற்று. புலமை வேறு, பொதுமை வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

1833ஆம் ஆண்டு, கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் ஆணை பிறப்பித்தார். சபைக்குள் சாதி கூடாது. அதை உடனே, அறவே விட்டொழிக்க வேண்டும் என்பது ஆணை. விளைவு என்ன? மேற்சாதிக் கிறித்தவர் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினர். அவர்களில் உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் இருந்தனர். மதத்தை விட மனம் வந்தது. சாதியை விட மனம் வரவில்லை!

அடுத்த ஐந்தாண்டுக்குள் கறுப்பர் நகரத்திலே, அதாவது இன்றைய சார்சு டவுனிலே, மற்றொரு சோதனை. 1837ஆம் ஆண்டு இசுகாட்லாந்திலிருந்து வந்த சான் ஆண்டர்சன் ஆர்மேனியன் தெருவில் பள்ளி ஒன்றை ஏற்று நடத்தினார். மேற்சாதிப் பிள்ளைகள் திரளாக வந்து ஆங்கிலம் பயின்றனர். 1838ஆம் ஆண்டு பறையர் குலச் சிறுவர் இருவர் அவர்களிடையே அமர்ந்து படிக்கின்றனர் என்ற செய்தி வெளிப்பட்டது. "அவர்களை விரட்டு, அல்லது நாங்கள் போகிறோம்" என்றனர் மற்றவர்கள். ஆண்டர்சன் விரட்டவில்லை. பெருந்தொகையினர் வெளியேறினர். வகுப்பறை வெறிச்சோடியது. ஆனால் என்ன நடந்தது? படிப்பின் பயன் கருதிப் பலர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தனர்! அந்தப் பள்ளியே பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937ஆம் ஆண்டு தாம்பரம் சென்றது. 1841ஆம் ஆண்டு அங்கே பயின்ற இராசகோபால், வெங்கடராமையா என்னும் இளைஞர் இருவர் கிறித்தவராயினர். பின்னர் இறையியல் கற்றுப் போதகராயினர். அந்தச் சபையாரின் பணி வடக்கே இராயபுரத்துப் பக்கமும் பரவியது. அங்கே இன்றும் நிற்கும் ரெய்னி மருத்துவமனை அதன் சின்னம்.

வேப்பேரியிலே ஆணை தோற்றது. ஆர்மேனியன் தெருவிலே உறுதி வென்றது. இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். தாளில் எழுதும் கட்டளையைக் காட்டிலும், இரண்டு சிறுவரை இருந்த இடத்தை விட்டு எழுப்ப மாட்டேன் என்று நிற்கும் ஓர் ஆசிரியரின் பிடிவாதம் வலியது.

இனிக் கல்லூரிப் படிப்பின் கதை. வங்கத்திலே சிராம்பூர் என்று ஓர் ஊர். தரங்கம்பாடியைப் போலவே டேனியர் ஆண்ட ஊர். 1818ஆம் ஆண்டு கேரி, மார்சுமன், வார்டு என்னும் மூவர் அங்கே கல்லூரி கண்டனர். 1827ஆம் ஆண்டு டென்மார்க்கு அரசன் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமை அளித்தான். 1833ஆம் ஆண்டு அக்கல்லூரிக்கு வகுக்கப்பட்ட விதிகளில், சாதியோ நிறமோ நாடோ எவருடைய சேர்க்கைக்கும் தடையாகா என்ற விதியும் இடம்பெற்றது. 1845ஆம் ஆண்டு டேனியர் தம் ஊர்களை ஆங்கிலேயருக்கு விற்றபோதும் அந்த உரிமை காக்கப்பட்டது. 1915ஆம் ஆண்டு பி.டி. என்னும் இறையியல் இளநிலைப் பட்டம் முதன்முறையாக வழங்கப்பட்டது. 1918ஆம் ஆண்டு வங்கச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால், பல சபைகளின் கல்லூரிகளையும் இணைக்கும் ஆட்சிப் பேரவை அமைந்தது. சென்னைக் கீழ்ப்பாக்கத்துக் குருகுலம், மதுரை அரசரடியில் 1969ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆகியவை அந்தப் பேரவையின் பட்டத்துக்கே மாணவரைப் பயிற்றுவிக்கின்றன.

அங்கே என்ன கற்கிறார்கள்? ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர் நான்காண்டும் மற்றவர் ஐந்தாண்டும் பயில்வது வழக்கம். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, அவை எழுந்த எபிரேய, கிரேக்க மொழிகள், சபை வரலாறு, பிற சமயங்கள், அறநூல், அருட்பணி ஆகியவை பாடங்கள். இதிலே நாம் குறிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மந்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது வேறு. மறைநூலைப் பொருள் அறிந்து, மூலமொழி கற்று, எழுதியவர் யார், எழுந்த காலம் எது, எதற்காக எழுதினார் என்று கேட்பது வேறு. கேட்கத் தொடங்கியவன் எங்கே போய் நிற்பான் என்று எவரும் வரையறுக்க முடியாது!

சான்று கேட்பீராயின் தருவோம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பேராயர் கோலன்சோ, விவிலியத்தைச் சூலு மொழியில் பெயர்த்துக் கொண்டிருந்தார். உலகை மூடிய வெள்ளம், பேழைக்குள் ஏறிய விலங்குகள் என்ற கதையைக் கேட்டுத் துணைநின்ற சூலு தோழர் வினவினார்: இதெல்லாம் உண்மையா? பேராயர் சிந்தித்தார். 1862ஆம் ஆண்டு, மோசே எழுதியவை எனப்படும் நூல்களின் எண்களும் நிகழ்ச்சிகளும் வரலாறாகா என்று நூல் எழுதினார். மறு ஆண்டே அவரைப் பதவியிலிருந்து நீக்கியதாக மேலிடத்துப் பேராயர் அறிவித்தார். அது செல்லாதென 1865ஆம் ஆண்டு இலண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கும் முன்னே பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர்ப் பாதிரியார் மெசுலியே, வாழ்நாள் முழுதும் பூசை செய்து, 1729ஆம் ஆண்டு மறைந்தபோது கடவுள் மறுப்பு நூலை விட்டுச் சென்றார். அவருடைய மரண சாசனத்தைச் சுயமரியாதை இயக்கத்தார் தமிழாக்கிப் பரப்பியதை நம் இளைஞர் அறிவர்.

நம் நாட்டிலும் அத்தகைய ஒருவர் தோன்றினார். திருநெல்வேலிச் சீமையில் 1842ஆம் ஆண்டு சாயர்புரத்திலே குருமாணவர் பள்ளி கண்டவர் போப்பையர். ஆம், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த அதே போப்பு! அப்பள்ளியில் பயின்ற நாடார் குல மாணவர் அருமைநாயகம். சட்டாம்பிள்ளை என்று ஊர் அழைத்தது. கால்டுவெல் நாடார் குலத்தைத் தாழ்த்தி எழுதிய நூல் 1849ஆம் ஆண்டு வெளிவந்தபோது அவர் சினந்தெழுந்தார். வேலை போயிற்று. அவர் அடங்கவில்லை. 1857ஆம் ஆண்டு வெள்ளையர் ஆதிக்கம் இல்லாத தனிச் சபையையே நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் நமக்கு ஒளிவிளக்கு. அதற்காக அவர் நூலில் கண்ட குறையை நாம் மறைக்க மாட்டோம். மாணவனுக்கு மறைநூலைக் கற்பித்தவர்களால், அந்த மாணவன் அதைக் கொண்டே தம்மை அளப்பதைத் தடுக்க முடியவில்லை. படிப்பின் ஆற்றல் அது.

அப்படியானால் கல்லூரி வந்தது, பட்டம் வந்தது, சாதி ஒழிந்தது என்று முடிக்கலாமா? முடிக்க விடவில்லையே நாடு! வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்த சுவரை 1910ஆம் ஆண்டு பாதிரியார் கௌசானல் இடித்தார். இடித்தது குற்றம் என்று வேளாளக் கிறித்தவர் வழக்குத் தொடுத்தனர், சென்னை உயர்நீதிமன்றம் வரையில் சென்றனர், தோற்றனர். சுவர் போயிற்று. ஆனால் 2008ஆம் ஆண்டு மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும், இறந்தோரைப் பொதுத் தெரு வழியே கொண்டு செல்ல வேண்டும் என்று தாழ்த்தப்பட்ட கிறித்தவர் கேட்டதன் தொடர்பாகக் கலவரம் மூண்டு, காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். நூறாண்டு இடைவெளி, அதே நோய்!

அரசும் தன் பங்குக்கு ஒரு பூட்டைப் போட்டது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்ற உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956ஆம் ஆண்டு சீக்கியருக்கும் 1990ஆம் ஆண்டு பௌத்தருக்கும் அது விரிந்தது. தாழ்த்தப்பட்ட கிறித்தவருக்கு இன்றும் இல்லை. ஊர் அவனைத் தாழ்ந்தவன் என்கிறது. அரசோ, நீ கிறித்தவன், உனக்கேது தாழ்வு என்கிறது. இழிவு மட்டும் அவனுக்கு, ஈடு கிடையாது! இறையியல் படிக்க வரும் ஏழைச் சேரி இளைஞன் இந்த இரு சுவருக்கும் நடுவேதான் நடந்து வருகிறான்.

அவ்வாறு நடந்து வந்தவர்களே கல்லூரிக்குள் கேள்வி எழுப்பினர். 1981ஆம் ஆண்டு பெங்களூர் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் என்னும் அறிஞர், சூத்திர இறையியல் வேண்டும் என்று உரை நிகழ்த்தினார். சூத்திரன் என்ற சொல்லின் இழிவை ஒழிக்கவே பெரியார் வாழ்நாள் முழுதும் போராடினார் என்பதை நினைவிற் கொள்க. அதே நிர்மல் 1980களின் இறுதியில் சென்னைக் குருகுலத்துக்கு வந்து தலித் இறையியல் துறையை முன்நின்று நடத்தினார். மதுரைக் கல்லூரியிலே, பறட்டை என்று தம்மை அழைத்துக்கொண்ட தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி ஊரார் ஒன்றாக உண்ணும் பொதுமையே சமயம் என்று 2005ஆம் ஆண்டு மறையும் வரையில் கற்பித்தார். மாணவர் ஓராண்டு வளாகத்தை விட்டு வெளியேறிச் சிற்றூரிலும் சேரியிலும் வாழ்ந்து பயில்வதும் அக்கல்லூரியின் முறையாயிற்று. இராசநாயக்கனைத் தடுத்த பறை என்ற பெயர், இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பின் பாடத்திட்டத்திலே ஒலித்தது!

பெண்ணுக்கும் வழி பிறந்தது. 1947ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபை, 1970களில் பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் தொடங்கியது; 2013ஆம் ஆண்டு நந்தியாலில் பெண் ஒருவரைப் பேராயராகவே அமர்த்தியது. கத்தோலிக்க சபையோ 2022ஆம் ஆண்டு தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவரைக் கர்தினாலாக உயர்த்திற்று. ஆனால் பெண்ணுக்குக் குருப்பட்டம் இல்லை என்பதில் இன்றும் மாறவில்லை. பாதித் திறந்த கதவும் பாதி அடைத்த கதவே.

இப்போது அதே கடற்கரையில் மற்ற ஊராகிய திருவொற்றியூருக்கு வருவோம். சாதியையும் சாத்திரச் சழக்கையும் பிற்காலத்தில் வெறுத்தொதுக்கிய வள்ளலார், இளமையில் ஏழுகிணற்றிலிருந்து நடந்து வந்து வழிபட்ட கோயில் அங்கே உள்ளது. அத்தகைய ஆகமக் கோயில்களில் அர்ச்சகராவதற்குப் பிறப்பே தகுதி என்ற வழக்கை உடைக்க, 1970ஆம் ஆண்டு கலைஞர் அரசு சட்டம் இயற்றிற்று. 1972ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், பரம்பரை உரிமை ஒழிந்தது செல்லும் என்றது. ஆனால் ஆகமத்தைக் காட்டிப் பழைய பூட்டை அப்படியே விட்டது. 1973ஆம் ஆண்டு பெரியார் மறைந்தபோது அந்தக் கதவு திறக்கவில்லை. 2006ஆம் ஆண்டு மீண்டும் ஆணை. அடுத்த ஆண்டு பயிற்சிப் பள்ளிகள். இருநூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர் பயின்று தேறினர். தேறியபின்? காத்திருந்தனர்! வழக்கு, வாய்தா, வழக்கு. 2015ஆம் ஆண்டு தீர்ப்பு வந்த பின்னும் காத்திருந்தனர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள்தான் பயின்றவர்களில் 24 பேர் அர்ச்சகராக ஆணை பெற்றனர். 2023ஆம் ஆண்டு பெண்கள் மூவரும் பயிற்சி முடித்தனர். நீதிமன்றப் படிகளிலோ வழக்குகள் தொடர்ந்தன.

தோழர்களே, இரு கதைகளையும் அருகருகே வையுங்கள். ஒரு பக்கம், படித்தால் குருவாகலாம் என்று நூல் கூறியது, கூட்டம் தடுத்தது. மறுபக்கம், படித்தாலும் ஆக முடியாதென்று நூலே கூறுவதாகச் சொல்லப்படுகிறது. கூட்டம் பெரும்பாலும் வாளாவிருக்கிறது. முன்னதில் எதிர்த்துப் போராட நூலே கருவி தந்தது. பின்னதில் நூலையே எதிர்த்துப் போராட வேண்டியிருக்கிறது. ஆகவே நம் பணி இருமடங்கு கடினம். ஆனால் பாடம் ஒன்றே.

பள்ளியும் பட்டமும் இன்றியமையாதவை. குருத்துவத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்த அன்றே பிறப்பின் மாயம் பாதி செத்துவிடுகிறது. கற்பிக்கக் கூடியது எதுவும் ஒரு குலத்தின் இரத்தத்தில் ஊறியதாக இருக்க முடியாது. ஆனால் பட்டத்தோடு நிறுத்தினால் இராசநாயக்கன் கதையே திரும்பும். தேறியவனுக்குப் பணி வேண்டும். பணி பெற்றவனை ஏற்கும் மக்கள் வேண்டும். அந்த மக்களை ஆயத்தம் செய்யத் தெருத்தெருவாகச் சென்று பேசும் தொண்டர்கள் வேண்டும். சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே நிற்பவன் கையால் திருநீறு வாங்க வருபவனின் மனத்தைச் சட்டம் திறக்காது.

கடவுள் இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்போம். அது நம் கொள்கை. ஆனால் கடவுள் உண்டு என்று நம்பும் கோடிக்கணக்கான நம் உடன்பிறப்புகள், அந்த நம்பிக்கையின் பேரால் இழிவுபடுத்தப்படுவதைக் கண்டு கைகட்டி நிற்க மாட்டோம். எண்ணூர் ஆலையில் உழைப்பவன் மகனும், இராயபுரத்துக் கடலில் வலை வீசுபவன் மகளும், கற்றறிந்து எந்த இடத்தில் நிற்க விரும்பினாலும் அந்த இடத்தில் நிற்கும் உரிமை வேண்டும். அந்த இடத்திலே நின்று, கற்ற அறிவால் கோலன்சோவைப் போலக் கேள்வி கேட்டு, வெளியே வந்தாலும் வரட்டும்! முதலில் கதவு திறக்கட்டும்.